பஸ்தெத் வழிபாடு: பூனையைக் கும்பிட்டார்களா, கொன்றார்களா?

நைல்மகள்:
"எகிப்தில் பூனை தெய்வம், கொன்றால் மரண தண்டனை" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. இது பாதிக் கதைதான். பூனைத் தெய்வமான பஸ்தெத்துக்குக் காணிக்கையாகப் புதைத்த பூனை மம்மிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலவற்றுக்குக் கழுத்து முறிந்திருக்கிறது. நிறைய குட்டிகள், சில நாலு மாதம்கூட ஆகாதவை. வயதாகிச் செத்த பூனைகள் இல்லை இவை. காணிக்கைக்கென்றே வளர்த்து, கழுத்தைத் திருகி, துணி சுற்றி விற்றிருக்கிறார்கள். இதைப் பக்தி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கல்தச்சன்:
அக்கா, எக்ஸ்ரே சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சனங்கள் பூனையை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா? கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், வீட்டுப் பூனை தானாகச் செத்தால் வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று எழுதுகிறார். செத்த பூனையைப் பஸ்தெத்தின் ஊரான புபாஸ்டிஸுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்வார்களாம். பின்னால் வந்த இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தான் கண்ணால் கண்டதையே எழுதியிருக்கிறார். ஒரு ரோமன் கைதவறிப் பூனையைக் கொன்றுவிட்டான். கூட்டம் அவன் வீட்டைச் சூழ்ந்துகொண்டது. ரோமைப் பகைக்க வேண்டாமென்று மன்னர் அனுப்பிய அதிகாரிகள் கெஞ்சியும் அவன் பிழைக்கவில்லை.

நைல்மகள்:
அதைத்தான் தம்பி நானும் கேட்கிறேன். தெருவில் தவறுதலாகக் கொன்றவனுக்குச் சாவு. கோயில் ஆள் கொன்றால் அது வியாபாரமா? மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் பறவை, முதலை, பூனை என்று நூற்றுக்கணக்கான விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் விலங்கே இல்லை. மண், குச்சி, நாணல்தான். காசு கொடுத்து வாங்கியவர் ஏமாந்துபோனார், அவ்வளவுதான்.

ஓலைச்சுவடி:
இருவருமே கடைசிச் சில நூற்றாண்டுகளை வைத்துத்தான் பேசுகிறீர்கள். பஸ்தெத் அதைவிட மிகப் பழையவள். இரண்டாம் அரசமரபுக் கால (கி.மு. 2800 வாக்கில்) கல் பாத்திரங்களில் அவள் சிங்கமுகத்தோடு நிற்கிறாள். பூனைமுகம் வெகு காலம் கழித்து வந்தது. இன்றைய ஸகாஸிக் நகருக்குப் பக்கத்தில் தெல் பஸ்தா என்ற மேடு இருக்கிறதே, அதுதான் புபாஸ்டிஸ். கி.மு. 10ஆம் நூற்றாண்டில் தொடங்கிய 22ஆம் அரசமரபின் மன்னர்கள் அந்த ஊர் வழியினர். அவர்களில் ஒருவரான இரண்டாம் ஓசோர்கோன் அங்கே கட்டிய சிவப்புக் கருங்கல் விழா மண்டபத்தை நாவில் என்ற சுவிஸ் தொல்லியலாளர் 1887 முதல் 1889 வரை தோண்டியெடுத்தார்.

அப்புறம் புபாஸ்டிஸில் நடந்த பஸ்தெத் திருவிழா! ஆணும் பெண்ணுமாகப் படகு படகாக நைலில் வருவார்கள். பெண்கள் தாளம் தட்ட, ஆண்கள் குழல் ஊத, வழியில் ஊர் வந்தால் படகைக் கரையோரம் ஒதுக்கி, கரையில் நிற்கும் பெண்களைக் கேலி செய்து கூச்சலிடுவார்கள். வருடத்தின் மற்ற நாட்களையெல்லாம் சேர்த்தாலும் இந்த விழாவில் குடித்த திராட்சை மது அதிகமாம். குழந்தைகளை விட்டு 7 லட்சம் பேர் கூடினார்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். எண்ணிக்கை மிகைதான், ஆனாலும் அந்தக் களிப்பு பொய்யில்லை. வெறும் கழுத்து முறிப்பாக இந்த வழிபாட்டைச் சுருக்க என்னால் முடியாது.

கல்தச்சன்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பூனை மம்மியின் முன்னால் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். வெளிறியதும் பழுப்புமாக இரண்டு நிற லினன் பட்டைகளைக் கட்டம் கட்டமாகப் பின்னியிருக்கிறார்கள், கூடை முடைவதுபோல. ஒரு கட்டம்கூட விலகவில்லை. துணியிலேயே காதை நிமிர்த்தி வைத்து, முகத்தை வரைந்திருக்கிறார்கள். வெறும் காசுக்காகச் செய்த கை இவ்வளவு பொறுமை காட்டாது அக்கா. உள்ளே விலங்கு இல்லாத பொட்டலமும் மோசடியாக இருக்க வேண்டியதில்லை. புனித விலங்கின் பக்கத்தில் கிடந்த நாணலும் முட்டை ஓடும்கூடப் புனிதம் என்று நினைத்திருக்கலாம் என்று அதே மான்செஸ்டர் ஆய்வாளர்களே சொல்கிறார்கள்.

நைல்மகள்:
பொறுமையாகப் பின்னிய கைக்கும் வயிறு உண்டு தம்பி. ஏமாற்று நடந்ததற்கு எகிப்தியரின் எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கெய்ரோவுக்குத் தெற்கே உள்ள சக்காரா இடுகாட்டில், அரிவாள்மூக்கன் என்ற புனிதப் பறவையின் வழிபாட்டில் பணிசெய்த ஹோர் என்பவரின் குறிப்புகளில், முறைகேட்டை விசாரித்து, "ஒரு பானைக்கு ஒரு தெய்வம்", அதாவது ஒவ்வொரு பானையிலும் ஒரு பறவை இருக்க வேண்டும் என்று விதி செய்த செய்தி வருகிறது. ஒழுங்காக நடந்திருந்தால் அப்படி ஒரு விதி எதற்கு?

ஓலைச்சுவடி:
நல்ல சான்று. ஆனால் அதை இப்படியும் படிக்கலாம்: உள்ளே உண்மையாகவே தெய்வம் இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டவர்களும் அதே கோயிலில்தான் இருந்தார்கள்.

கல்தச்சன்:
மத்திய எகிப்தில் உள்ள பெனி ஹசனில் கிடைத்த பூனைகளை மறந்துவிடாதீர்கள். ஏறத்தாழ 1,80,000 மம்மிகள், சுமார் 19 டன். 1890இல் லிவர்பூலில் ஏலம் போட்டு, அரைத்து வயலுக்கு உரமாக்கினார்கள். பஸ்தெத்தின் பூனைகளுக்கு எது பெரிய அவமானம்?

ஓலைச்சுவடி:
திருத்தம் தம்பி. பெனி ஹசன் பூனைகள் பாகெத் என்ற சிங்கத் தெய்வத்துக்கு உரியவை, பஸ்தெத்துக்கு அல்ல.

நைல்மகள்:
யாருடைய பூனையானாலும் உரமாக்கியது அநியாயம், அதில் உங்களோடு நிற்கிறேன். உள்ளே விலங்கு இல்லாத பொட்டலம் எல்லாமே மோசடி என்று சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாலு மாதக் குட்டியின் எக்ஸ்ரே படத்தை ஒருமுறை பாருங்கள் கல்தச்சன். கழுத்தெலும்பு விலகியிருக்கும் இடம் தெளிவாகத் தெரியும். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.