ஆர்ஓ கழிவு நீரைக் குறைத்த அனுபவம் உண்டா? உங்கள் வீட்டில், வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

வேளச்சேரி, சென்னை

நானே தொடங்குகிறேன். போன கோடையில் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் ஆர்ஓ மிஷின் (சவ்வு வழியாகத் தள்ளி உப்பை நீக்கும் குடிநீர் மிஷின்; உப்பு கழிவு நீரோடு போய்விடும்) ஓடவில்லை, தொட்டியும் நிறைந்திருந்தது. ஆனால் கழிவுக் குழாயிலிருந்து சன்னமாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஒரு குடத்தை அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் குடம் வழிந்து தரையெல்லாம் ஈரம். எத்தனை மாதமாக இப்படிப் போயிற்றோ என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காகத் தூக்கத்தைத் தொலைத்த ஊர் இது.

காரணம் சோலனாய்டு வால்வு. மோட்டார் நின்றதும் உள்ளே வரும் தண்ணீரை அடைக்க வேண்டியது அதன் வேலை. எங்கள் வால்வு சரியாக மூடவில்லை. நாங்கள் முதல் மாடி, மேல்தொட்டி நான்காம் மாடிக்கு மேலே. மோட்டார் ஓடாவிட்டாலும் அந்த அழுத்தமே தண்ணீரை மெம்பிரேன், அதாவது அந்தச் சவ்வு, பக்கமாகத் தள்ளிக் கழிவுக் குழாய்க்கு அனுப்பிவிடுகிறது. வால்வை மாற்றியதும் நின்றது.

அப்புறம்தான் அளந்து பார்க்கும் புத்தி வந்தது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சேர 8 நிமிடம். அதற்குள் கழிவு 4 லிட்டர். சர்வீஸுக்கு வந்த தம்பி முன்வடிகட்டிகளைக் கழற்றிக் காட்டினார். சேறு படிந்து கறுத்திருந்தன. தண்ணீர் உள்ளே வரத் திணறினால் அழுத்தம் இறங்கும், நல்ல தண்ணீர் குறையும், கழிவின் பங்கு கூடும் என்றார். அவற்றை மாற்றி, கழிவுக் குழாயில் இருந்த 450 ரெஸ்ட்ரிக்டரை (கழிவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன பாகம்; எண் நிமிடத்துக்கு ஏறக்குறைய எத்தனை மில்லி என்பது) எடுத்துவிட்டு 300 போட்டார். இப்போது ஒரு லிட்டருக்கு 6 நிமிடம், கழிவு 2 லிட்டர். அந்த 2 லிட்டரும் வீடு துடைக்கவும் கழிவறைக்கும் போகிறது.

இன்னொன்று. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு, 900. மெட்ரோ தண்ணீர் (மாநகரக் குழாய்த் தண்ணீர்) வரும் நாளில் 300க்குள்தான். டிடிஎஸ் 500க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்ஓ வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. மெட்ரோ வரும் நாளில் மிஷினை அணைத்துவிட்டு, காய்ச்சி ஆறவைத்துக் குடிக்கிறோம். இதை முன்பே செய்திருக்கலாம்.

---

சேலம்

அக்கா, ரெஸ்ட்ரிக்டர் விஷயத்தில் எல்லோரும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். நான் பட்டதைச் சொல்கிறேன். கழிவு வீணாகிறதே என்று கழிவுக் குழாயில் ஒரு சின்னக் குழாய்த் திருகு பொருத்தி, சொட்டுச் சொட்டாக வரும்வரை இறுக்கினேன். முதல் வாரம் பெருமையாக இருந்தது. நாலாம் மாதம் நல்ல தண்ணீரும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மெம்பிரேனை வெளியே எடுத்தால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் படிவு. புது மெம்பிரேன் வாங்க வேண்டியதாயிற்று.

கணக்கு எளிதுதான். உள்ளே வரும் உப்பு அநேகமாக முழுவதும் கழிவோடுதான் வெளியேற வேண்டும். உள்ளே போவதில் பாதியைக் கழிவாக விட்டால் அதில் உப்பு இரண்டு மடங்கு. கால் பங்கு மட்டும் விட்டால் நான்கு மடங்கு. கடினத் தண்ணீரில் அந்த அளவுக்குப் போனால் சுண்ணாம்பு கரைந்து நிற்காது, மெம்பிரேன் மேலேயே உட்கார்ந்துவிடும். எங்கள் ஊர்த் தண்ணீர் சோப்பு நுரைக்காத தண்ணீர். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்காமல் யாரும் இறுக்காதீர்கள்.

---

மதுரை, டயாலிசிஸ் டெக்னீஷியன்

எங்கள் இடத்தில் தண்ணீரின் தரத்தில் ஒரு துளி சமரசமும் கிடையாது. ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம், 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்த நீர் வேண்டும். ஆறு மிஷின், இரண்டு ஷிஃப்ட் என்றால் 1,440 லிட்டர். அதைத் தயாரிக்கும்போது வரும் கழிவு முழுக்க முன்பு சாக்கடைக்குத்தான் போனது.

ஒரு நாள் டிடிஎஸ் மீட்டரை அந்தக் கழிவில் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஆர்ஓவுக்குள் போகும் தண்ணீர் ஏற்கெனவே கார்பன் வடிகட்டி வழியாகவும், கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் வழியாகவும் வந்தது. கழிவில் உப்பு கூடுதல், மற்றபடி தெளிவான தண்ணீர். நிர்வாகத்திடம் பேசி, தனிக் குழாய் இழுத்து, கழிவறை ஃப்ளஷ் தொட்டிக்கு விட்டோம். இது ஆர்ஓவின் கழிவு மட்டும். மிஷினிலிருந்து, நோயாளியிடமிருந்து வரும் திரவம் நேராகக் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

---

திருப்பூர், சாயப்பட்டறைகளின் பொது சுத்திகரிப்பு நிலையம்

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாட்களை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டும் விடக் கூடாது என்றான பிறகு, ஆர்ஓ கழிவு எங்களுக்குச் சாக்கடை விஷயம் இல்லை, விறகுக் கணக்கு. கழிவை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்க வேண்டும். செலவு அங்கேதான்.

10 லட்சம் லிட்டர் ஆர்ஓவுக்குள் போகிறது என்று வையுங்கள். 80 சதவீதம் நல்ல நீராக மீண்டால் மீதி 2 லட்சம் லிட்டர் கொதிக்க வேண்டும். 85 சதவீதம் மீண்டால் ஒன்றரை லட்சம்தான். ஆர்ஓ பக்கம் 5 சதவீதம் கூடினால், எவாப்பரேட்டர் பக்கம் கால்வாசிச் சுமை குறைகிறது! இதைப் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே பலகையில் எழுதிக் காட்டுவேன்.

அந்த 5 சதவீதத்தை இறுக்கிப் பிடித்து வாங்க முடியாது, சேலம்காரர் சொன்ன கதைதான் ஆகும். முன்சுத்திகரிப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், படிவு தடுக்கும் மருந்து அளவு தவறக் கூடாது. நல்ல நீரின் வரத்து 10 சதவீதம் இறங்கியதுமே கழுவிவிடுவோம். சுண்ணாம்புக்கு அமிலம், பாசிக்கும் அழுக்குக்கும் காரம். முன்பு 30 சதவீதம் இறங்கும்வரை ஓட்டினோம். அதன் பிறகு எவ்வளவு கழுவினாலும் பழைய வரத்து திரும்பவில்லை. இப்போது ஷிஃப்டுக்கு ஒருமுறை அழுத்தம், வரத்து, டிடிஎஸ் மூன்றையும் நோட்டில் எழுதாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

---

வேளச்சேரி, சென்னை

சேலம் தம்பி, உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு எங்கள் போர் தண்ணீரைக் கடினத்தன்மைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். அதிகமாக வந்தால் 450க்கே திரும்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தில் 24 வீட்டிலும் குடம் வைத்து அளக்கப் போகிறோம், வால்வு ஒழுகுகிறதா என்பதையும் சேர்த்து. மதுரை சார், அந்தத் தனிக் குழாய்க்கு எந்த அளவு பைப் போட்டீர்கள்? ஃப்ளஷ் தொட்டியின் மிதவையில் உப்புப் பிடிக்கிறதா?