பனங்கையைப் பேனாவாகக் கடைந்த அனுபவம்

தாத்தா வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது மிஞ்சிய பனங்கைத் (கூரையைத் தாங்கும் பனஞ்சட்டம்) துண்டு ஒன்றைப் பேனாவாகக் கடைய எடுத்து வைத்திருந்தேன். காழ், அதாவது வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதி, வெளிப்புறம் இருப்பதைப் புல் என்றும் உட்புறம் இருப்பதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்ததன் பொருள், அதைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றிய அன்றுதான் எனக்கு விளங்கியது. பனையில் ஆண்டு வளையம் கிடையாது. வெளிறிய சோறு எனப்படும் மென்பகுதிக்குள் கருநார்கள் நெருக்கமாகப் புதைந்திருக்கின்றன. உளி பட்டதும் நார் அறுபடாமல், சோற்றையும் பெயர்த்துக்கொண்டு சிராம்பாக எழுந்ததில், பேனாவின் உள்பாகங்களைப் பொருத்த உள்ளே ஒட்டியிருந்த 7 மி.மீ. பித்தளைக் குழாய் வெளியே தெரிந்துவிட்டது.

நார் பெயராமல் பிடித்துக்கொள்ள, அடுத்த துண்டைச் சூட்டில் இறுகும் ரெசின் என்ற திரவப் பிசினில் ஊறவைக்க முடிவு செய்தேன். இத்தனை ஆண்டு வெயிலில் காய்ந்த கட்டையில் என்ன ஈரம் இருக்கப்போகிறது என்று அப்படியே ரெசினில் இட்டது என் பிழை. மேலே இறுகியது, அறுத்துப் பார்த்தால் உள்ளே பிசுபிசுப்பு. மூன்றாவது துண்டை 105 டிகிரி செல்சியசில் ஒரு நாள் முழுதும் வைத்து எடுத்தபோது, 46 கிராம் எடை 41 ஆகக் குறைந்திருந்தது. கூரையில் இருந்தாலும் கட்டை காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நன்றாக ஆறவிட்ட பிறகு ரெசினில் அமிழ்த்தி, குமிழி அடங்கும்வரை வெற்றிடப் பம்பை ஓட்டினேன். பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விடும்போதுதான் வளியழுத்தம் ரெசினைக் கட்டைக்குள் தள்ளுகிறது என்பதால், உடனே எடுக்காமல் இரவு முழுதும் ஊறவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, சமையலுக்குப் பயன்படாத ஓவனில் 95 டிகிரியில் இறுக வைத்தேன். எடை 58 கிராமுக்கு ஏறியிருந்தது.

இம்முறை உளிக்குக் கட்டை பணிந்தது. உப்புத்தாளில் வேறு தொல்லை வந்தது: நாரின் கருந்தூள் சோற்றில் அப்பி எல்லாம் அழுக்காகத் தெரிந்ததால், ஒவ்வொரு தாளுக்கும் பிறகு காற்றடித்துத் தூளை நீக்க வேண்டியிருந்தது. மேல்பூச்சாக மெல்லிய சூப்பர் குளூவைப் பத்து முறை பூசினேன். பழைய வேட்டித் துணியால் தொடங்கியது மடமை; பருத்தியில் அந்தப் பசை பட்டதும் சூடேறிப் புகைந்து விரலைச் சுட்டது. பிறகு காகிதத் துண்டுதான்.

*

மேலே எழுதிய நண்பருக்குப் பனங்கை கற்பித்ததைப் போலவே, பேனா கடையும் எனக்கு மக்காச்சோளச் சக்கை பாடம் கற்பித்தது. மணி உதிர்ந்த குழிகளை ரெசின் அடைத்துவிடும் என்று நம்பினேன். அது சக்கையின் நுண்துளைகளுக்குள் இறுகியதே தவிர, பெருங்குழிகளிலிருந்து ஓவனில் வழிந்து தாளில் தேங்கிவிட்டது. அக்குழிகளைக் கெட்டியான சூப்பர் குளூவால் ஒவ்வொன்றாக நிரப்பிக் கடைந்தேன். வரிசை வரிசையான தேன்கூட்டுக் கோலம் தெளிவாக வந்தது. நடுத்தண்டின் மென்மையான பகுதி துளையிடும்போதே போய்விடுவதால், குழாயை ஒட்டும்முன் உட்சுவரிலும் மெல்லிய பசையை ஓடவிடுவது நல்லது.