3018 சிஎன்சியில் அலுமினியம், பித்தளை வெட்ட வேண்டும்: முதலில் எதை மாற்றுவது?

கோத்தகிரி_சில்வர்ஓக்

வணக்கம். என்னிடம் இருப்பது 3018 ப்ரோ வகைச் சின்ன சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி பிட்டை நகர்த்தி வெட்டுகிற மெஷின்), பெட்டியில் பாகங்களாக வந்ததை நானே கோத்தது. சில்வர் ஓக் பலகையில் எஸ்டேட் பெயர்ப் பலகை, அக்ரிலிக்கில் சாவிக்கொத்து என்று இதுவரை நன்றாகவே ஓடுகிறது. இப்போது இங்கே யூகலிப்டஸ் எண்ணெய் சேர்த்து சோப்பு செய்கிற ஒருவர் கட்டியின் மேல் அழுத்துவதற்குப் பித்தளை அச்சு கேட்கிறார், இன்னொருவர் 6 மி.மீ. அலுமினியத் தகட்டில் பிராக்கெட் கேட்கிறார், இரண்டுமே தொடர்ந்து வரும் வேலை போலத் தெரிகிறது.

775 மோட்டார், பிட்டைப் பிடிக்க ஈஆர்11 காலெட், இடவலமாக நகரும் எக்ஸ் அச்சில் 10 மி.மீ. கம்பிகள், அச்சுகளை நகர்த்த டி8 லீட் ஸ்க்ரூ, பக்கத் தகடுகள் கறுப்பு பேக்லைட், மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் உள்ள போர்டு. வாங்கியதில் எதையும் மாற்றவில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைத்த 3 மி.மீ. அலுமினியத் தகட்டை 0.2 மி.மீ. ஆழத்தில் ஓட்டிப் பார்த்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கீச்சிடுகிறது, பிட் நுனியில் அலுமினியம் அப்பிக்கொள்கிறது. ஃபீடை, அதாவது பிட் நகரும் வேகத்தை, குறைத்தால் இன்னும் மோசம்.

20,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். வீடியோக்களில் எல்லோரும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். 500 வாட் வாங்கலாமா, இல்லை கொஞ்சம் சேர்த்துப் போட்டு 800 வாட் வாட்டர் கூல்டுக்கே போய்விடலாமா?

ரோலர்_ஃபிட்டர் (குன்னூர்)

தம்பி, ஸ்பிண்டிலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மி.மீ. பிட், 0.2 மி.மீ. ஆழம், நிமிடத்துக்கு 200 மி.மீ. ஃபீட் என்றால் நிமிடத்துக்கு 120 கன மி.மீ. உலோகம்தான் வெளியே வருகிறது. அலுமினியத்தில் அதற்குத் தேவைப்படும் சக்தி சில வாட், அவ்வளவுதான். அதை உங்கள் 775 மோட்டாரே தாராளமாகக் கொடுக்கும். 800 வாட்டைத் தூக்கி, மேலும் கீழும் நகர்கிற அந்த இசட் அச்சில் மாட்டினால் ஆடுகிற ஏணியில் பலசாலியை ஏற்றிய மாதிரிதான், அதன் எடையே அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கேன்ட்ரியைத் தலைகுப்புறச் சாய்க்கும்.

நான் டீ ஃபேக்டரியில் தேயிலையை நசுக்கி நறுக்கும் சிடிசி ரோலர்களுக்குப் பல் வெட்டுகிற வேலையில் இருந்தவன். அந்த மில்லிங் மெஷினின் மோட்டார் ஒன்றும் பிரமாதமாக இருக்காது, ஆனால் பெட்டை நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. உலோகம் வெட்டுவதில் பாதி வேலையை அந்தக் கனம்தான் செய்கிறது. உங்கள் மெஷினில் பிட் உலோகத்தில் இறங்கியவுடன் கம்பி வளைகிறது, பிட் பின்வாங்குகிறது, அப்புறம் எகிறி மறுபடி கடிக்கிறது. நீங்கள் கேட்கிற கீச்சு அதுதான்.

எந்த இடம் வளைகிறது என்று தெரியாமல் காசு போடாதீர்கள். மிகச் சின்ன நகர்வையும் முள்ளில் காட்டுகிற, காந்த அடி வைத்த டயல் கேஜ் ஒன்றும், மீன்காரர் வைத்திருக்கிற மாதிரி ஸ்பிரிங் தராசு ஒன்றும் யாரிடமாவது கடன் வாங்குங்கள். டயலின் முள்ளை ஸ்பிண்டில் நுனியில் வைத்து, தராசால் பக்கவாட்டில் ஒரு கிலோ இழுத்துப் பாருங்கள், எவ்வளவு நகர்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே இழுப்புக்கு முள்ளை எக்ஸ் கேரேஜில் (கம்பிகள்மேல் ஓடும் வண்டியில்) வையுங்கள், அதற்கப்புறம் பக்கத் தகட்டில். வித்தியாசம் எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கேதான் உங்கள் 20,000 போக வேண்டும். இசட், எக்ஸ், தகடு எல்லாம் வரிசையாகக் கோத்த ஸ்பிரிங்குகள், இருப்பதிலேயே தொளதொளப்பானதை விட்டுவிட்டு மற்றதை இறுக்கிப் பயனில்லை.

காசே இல்லாமல் ஒன்று சொல்கிறேன், இன்றைக்கே செய்யலாம். பிட்டைக் காலெட்டில் முடிந்தவரை உள்ளே தள்ளிப் பிடியுங்கள். 20 மி.மீ. வெளியே நீட்டியிருந்ததை 10 ஆக்கினால் பிட் வளைவது எட்டில் ஒரு பங்காகிவிடும்.

கொடை_வானோக்கி

நான் கொடைக்கானலில் இருக்கிறேன், தொலைநோக்கிக்கு வளையம், அடாப்டர் எல்லாம் இதே வகை மெஷினில்தான் வெட்டுகிறேன். ஃபிட்டர் ஐயா சொன்னதற்கு மறுப்பே இல்லை, ஆனால் பிட்டில் அலுமினியம் ஒட்டுவதற்கு வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன, அதற்கு ஃப்ரேமைத் தொட வேண்டியதே இல்லை.

ஒன்று, தகடு. ஹார்டுவேர் கடைத் தகடு பெரும்பாலும் கிட்டத்தட்டச் சுத்த அலுமினியம், மெத்தென்று இருக்கும், எந்த மெஷினிலும் ஒட்டும். 6061 டி6 அல்லது 6082 கேட்டு வாங்குங்கள், கோயம்புத்தூர் உலோகக் கடைகளில் 6082க்கு ஹெச்இ30 என்றால்தான் சட்டென்று புரியும். அதே மெஷின், அதே பிட், வேறு தகடு என்று போட்டுப் பாருங்கள், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்தது ஃபீட். பிட் உரசக் கூடாது, சீவ வேண்டும். ஆர்பிஎம்மை (நிமிடத்துக்குச் சுற்று) ஃப்ளூட் (பிட்டின் வெட்டும் பல்) எண்ணிக்கையாலும் ஒரு பல் எடுக்கும் சீவல் கனத்தாலும் பெருக்கினால் ஃபீட். 10,000 ஆர்பிஎம், ஒற்றை ஃப்ளூட், 0.02 மி.மீ. என்றால் 200 மி.மீ. நீங்கள் பயந்து 60, 70க்குக் குறைத்தால் ஒரு பல்லுக்கு 0.006, 0.007தான் கிடைக்கும், பிட்டின் விளிம்பால் அவ்வளவு மெல்லியதைச் சீவ முடியாது, தேய்க்கும், சூடேறும், அலுமினியம் இளகி அப்பும். ஃபீடைக் குறைத்ததும் மோசமானது அதனால்தான். ஆகவே ஃபீடை விட்டுவிட்டு ஆழத்தைக் குறையுங்கள், இப்போதைக்கு 0.1 போதும். இரண்டு, நாலு ஃப்ளூட் பிட்டுகளை எடுத்து ஓரமாக வையுங்கள், இந்த ஆர்பிஎம்மில் அவற்றுக்குத் தேவைப்படும் ஃபீடை உங்கள் மெஷின் தாங்காது. ஒற்றை ஃப்ளூட் கார்பைடு, கோட்டிங் இல்லாதது அல்லது டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) கோட்டிங் போட்டது. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் எஃகுக்கு நல்லது, அலுமினியத்துக்கு வேண்டாம், ஒட்டுதல்தான் அதிகமாகும்.

சீவலை ஊதித் தள்ளச் சின்னக் காற்றுக் குழாய் ஒன்று அவசியம். மண்ணெண்ணெயோ டபிள்யூடி40யோ லேசாகத் தொட்டு வைத்தால் போதும், நனைக்க வேண்டாம். சிலர் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) ஸ்பிரே செய்வார்கள், 775 பிரஷ் மோட்டார் உள்ளே பொறி பறக்கிற ஜாதி, அதன் பக்கத்தில் ஸ்பிரிட் ஆவி வேண்டவே வேண்டாம்.

பேக்லாஷையும், அதாவது திசை மாறும்போது திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் தெரியும் தொளதொளப்பையும், பாருங்கள். ஜிஆர்பிஎல் 1.1இல் பேக்லாஷைச் சரிக்கட்டும் வசதி கிடையாது, திருகில் இருக்கிற இடைவெளி அப்படியே வேலையில் தெரியும். 31.75 மி.மீ. ஐபீஸ் துளை வெட்டினால் நாலு பக்கமும் லேசாகத் தட்டையாக வந்தது எனக்கு. ஸ்பிரிங் வைத்த பித்தளை நட் கையால் ஆட்டும்போது இறுக்கமாகத்தான் தெரியும், ஆனால் வெட்டு விசை ஸ்பிரிங்கை மிஞ்சினால் விட்டுக்கொடுத்துவிடும். திருகி இறுக்கும் டெல்ரின் நட் போட்டபின் வட்டம் வட்டமாக வருகிறது. அதுவரை கன்வென்ஷனல் திசையிலேயே (பிட்டின் சுழற்சிக்கு எதிராகத் தகடு வரும்படி) வெட்டுங்கள். அதற்கு நேரெதிரான கிளைம்ப் வைத்தால் பிட் தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அந்த இடைவெளி அளவுக்கு ஒரு குதி குதிக்கும், பிட் போய்விடும்.

கூடலூர்_மின்வலை

எல்லாம் சரி, ஆனால் யாரும் காசுக் கணக்குப் பேசவில்லை. 6 மி.மீ. பிராக்கெட்டை 0.1, 0.1 ஆக வெட்டினால் 60 சுற்று. ஒரு பிராக்கெட்டுக்கு அரை நாள் மெஷின் பக்கத்தில் உட்கார வேண்டும். டிராயிங்கை அனுப்பினால் கோயம்புத்தூரில் ஃபைபர் லேசரிலோ வாட்டர் ஜெட்டிலோ வெட்டி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவார்கள். நீங்கள் துளைக்கு மரை போட்டு, ஓரம் தேய்த்துக் கொடுத்துவிடலாம். பித்தளை அச்சு வேறு கதை. சின்ன வேலை, நுணுக்கம் அதிகம், கூலி நன்றாக வரும், ஆழமும் 2, 3 மி.மீ.தான். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை முழுக்க மாற்றி எழுப்புகிற செலவில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஆட்டமில்லாமல் ஓடும் லீனியர் ரெயில், பால் ஸ்க்ரூவோடு வருகிற வேறு மெஷினே வாங்கலாம், 3018க்கு ஒவ்வொரு பாகமாகப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் பழைய மெஷினில் மிஞ்சியிருப்பது ஸ்டிக்கர் மட்டும்தான்.

இன்னொன்று, நம் ஊர் ஈரம். கூடலூரில் ஜூனில் ஆரம்பித்தால் எம்டிஎஃப் ஸ்பாயில் போர்டு (வெட்டும் துண்டுக்கு அடியில் போடும் மரத்தூள் பலகை) பொங்கிக்கொண்டே இருக்கும், நேற்று சமமாகச் சீவியது இன்று சமமாக இருக்காது. மரத்துக்குப் பரவாயில்லை, 0.1 ஆழத்தில் உலோகம் வெட்டும்போது அந்த ஏற்ற இறக்கமே ஒரு சுற்றை விழுங்கிவிடும். அலுமினியத் தகடு ஒன்றை அடிப்பலகையாகப் போட்டுவிடுங்கள்.

கோத்தகிரி_சில்வர்ஓக்

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்ன மாதிரி அளந்து பார்த்தேன். ஒரு கிலோ இழுப்புக்கு ஸ்பிண்டில் நுனி 0.22 மி.மீ., எக்ஸ் கேரேஜ் 0.14, பக்கத் தகடு 0.02. அப்படியானால் பேக்லைட் குற்றவாளி இல்லையா? அதைத்தான் முதலில் மாற்றுவதாக இருந்தேன்.

கொடைக்கானல் நண்பர் சொன்ன 6061இல் ஒரு துண்டு கிடைத்தது, 0.1 ஆழம், 200 ஃபீட், பிட்டை உள்ளே தள்ளி வைத்து ஓட்டினேன். ஒட்டவே இல்லை, பொடிப் பொடியாகச் சீவல் பறந்தது. பிராக்கெட்டை வெளியே கொடுப்பதுதான் சரி என்று எனக்கும் படுகிறது, இருந்தாலும் சின்னச் சின்ன அலுமினிய வேலையையாவது இங்கேயே செய்ய ஆசை. ரெயில் போட்டால் மூடுபனியில் துருப் பிடிக்காதா?

ரோலர்_ஃபிட்டர் (குன்னூர்)

பாருங்கள், தகட்டுக்கும் கேரேஜுக்கும் நடுவில் 0.12 போகிறது. அது அந்த இரண்டு கம்பிகளும் புஷ் பேரிங்கும். கேரேஜுக்கும் நுனிக்கும் நடுவில் 0.08, அது பிளாஸ்டிக் இசட் பிளாக்கும் மோட்டாரில் இருக்கிற ஆட்டமும். பேக்லைட் பாவம், அதை விட்டுவிடுங்கள்.

கம்பியையே பெரிதாக்கலாம், 10க்குப் பதில் 16 மி.மீ. போட்டால் ஆறு மடங்குக்கு மேல் விறைப்பு, ஆனால் நடுவில் தாங்கல் இல்லாமல் தொங்குவது தொங்குவதுதான். அதைவிட, நெடுக ஒரு தட்டையான பட்டை போட்டு அதன்மேல் எம்ஜிஎன்15 வகை லீனியர் ரெயில் இரண்டு திருகிவிடுங்கள். பட்டைக்கு அலுமினியம் தேடாதீர்கள். கோயம்புத்தூரில் லேசரில் வெட்டிய 8 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகடு விலையும் குறைவு, அதே கனத்தில் அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விறைப்பும் கிடைக்கும். கேன்ட்ரி நகராமல் பெட் நகர்கிற மெஷின் உங்களுடையது, எனவே கனம் கூடினால் நல்லதே. ரெயில் திருகும் முகத்தை மட்டும் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்யச் சொல்லுங்கள், லேசர் சூட்டில் தகடு கொஞ்சம் நெளிந்திருக்கும், நெளிந்த தகட்டில் ரெயிலை முறுக்கினால் வண்டி இறுகி நிற்கும். இசட்டுக்கு ரெயிலோடு வருகிற முழு அலுமினிய யூனிட்டாகவே வாங்குங்கள். மீதிக் காசு இருந்தால் ஸ்பிண்டில், அதுவும் எடை குறைந்த 52 மி.மீ. வகை போதும். அந்த 775இல் 5 மி.மீ. ஷாஃப்டில் காலெட்டை ஸ்க்ரூவால் இறுக்கியிருப்பதால் ரன்அவுட் (பிட் நடுவிலிருந்து விலகிச் சுற்றுவது) இருக்கும், மாற்றும்போது அதற்காக மாற்றுங்கள், வாட்டுக்காக அல்ல.

கிச்சன் மேடை போடுகிறவரிடம் வெட்டி மிச்சமான கிரானைட் பலகை கிடைத்தால் மெஷினின் அடிச்சட்டத்தை அதில் போல்ட் போட்டுவிடுங்கள். சட்டம் முறுகாது, சத்தமும் பாதியாகும்.

துருவுக்குப் பழைய வைத்தியம்தான். மெஷினுக்கு ஒரு மூடி செய்து உள்ளே 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரிய விடுங்கள், துணி, பலகை எதிலும் படாமல். உள்ளே வெளியைவிட நாலைந்து டிகிரி சூடாக இருந்தாலே பனி படியாது. வேலை முடிந்ததும் ரெயிலில் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. உங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தானே, அதற்குள் மூடியைச் செய்துவிடுங்கள்.

கூடலூர்_மின்வலை

மூடி செய்யும்போது கன்ட்ரோலர் போர்டையும் பவர் சப்ளையையும் அதற்கு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். மரத்தூள் போர்டில் விழுந்தால் ஒன்றுமில்லை, அலுமினியத் துகள் விழுந்தால் மோட்டார்களை ஓட்டும் டிரைவர் சிப் போச்சு. காற்று வைத்து ஊதும்போது அது எங்கே போய் உட்காரும் என்று சொல்லவே முடியாது. கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்.

மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து கரண்ட் போகிற ஊர் நமது, எனவே லிமிட் சுவிட்ச் மாட்டி ஹோமிங்கை (மெஷின் தன் தொடக்க இடத்தைத் தானே கண்டுபிடிப்பதை) இயக்கிவிடுங்கள். வேலை எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஜி54 ஆஃப்செட்டை ஜிஆர்பிஎல் போர்டிலேயே சேமித்துவைக்கும். கரண்ட் வந்ததும் முதலில் பிட்டைக் கையால் மேலே எடுத்து, ஹோம் செய்து, விட்ட வரியிலிருந்து தொடரலாம். இது இல்லாவிட்டால் பாதி வெட்டிய அச்சைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கொடை_வானோக்கி

பித்தளை பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. ஷீட்டாக விற்கிற 63/37 பித்தளை இழுவையாக வெட்டும், பிசிறு அதிகம். கடைசல் பட்டறைக்குப் போகிற ஃப்ரீ கட்டிங் பித்தளை, ஐஎஸ் 319 ராடு, வாங்கி அதிலிருந்து வில்லையாக அறுத்துக்கொள்ளுங்கள். ஈயம் கலந்திருப்பதால் சீவல் உப்பு மாதிரி உதிரும், எண்ணெயே வேண்டாம், உங்கள் மெஷின் இப்போது இருக்கிற நிலையிலேயே 0.1 ஆழத்தில் தைரியமாகப் போகலாம். அதே ஈயத்துக்காக ஒன்று: ஊட்டி பக்கம் சாக்லேட் செய்கிறவர்கள் யாராவது அச்சு கேட்டால் இந்தப் பித்தளையில் செய்து கொடுக்காதீர்கள், உணவுக்கு அது ஆகாது.

சோப்பு அச்சுக்குச் சுவர்களைச் செங்குத்தாக வெட்டினால் சோப்பு உள்ளே மாட்டிக்கொண்டு எழுத்து பிய்ந்து வரும். சரிவான டேப்பர் பிட் வைத்து முடியுங்கள், ஒரு பக்கத்துக்கு 5 முதல் 10 டிகிரி இருந்தால் சுலபமாகக் கழன்று வரும். டிசைனை மிரர் செய்துவிட்டுத்தான் டூல்பாத் (பிட் போகும் வழி) போட வேண்டும், தமிழ் எழுத்தில் ‘ள’வும் ‘ன’வும் திரையில் கண்ணாடி பிம்பமாகத் தெரியும்போது சரியா தப்பா என்று சட்டென்று பிடிபடாது. எனவே பித்தளையில் இறங்குவதற்கு முன் ஒரு அக்ரிலிக் துண்டில் வெட்டி, மாவு உருண்டையில் அழுத்திப் பார்த்து, சோப்புக்காரருக்குப் படம் அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.