ரூஸ்வெல்ட் – பிளாட் கடிதங்கள்: மூலத்தை எங்கே பார்ப்பது, எவ்வளவு நம்புவது?

அஸ்தம்பட்டி வாசகர் (கேள்வி)

சேலத்தில் எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு எடுத்திருக்கும் பொருள், 1899–1900 நியூயார்க் மாநில அரசியல். கவர்னர் தியடோர் ரூஸ்வெல்ட்டும், மாநில ரிபப்ளிகன் கட்சியைக் கைக்குள் வைத்திருந்த செனட்டர் தாமஸ் பிளாட்டும் எழுதிக்கொண்ட கடிதங்களை வைத்துப் பேசப் போகிறோம். 1913-ல் வந்த சுயசரிதையில் ரூஸ்வெல்ட் அச்சிட்டவை கையில் இருக்கின்றன. ஆனால் அவை அவரே பொறுக்கிப் போட்டவை. மூலத்தை இங்கிருந்தே பார்க்க வழி உண்டா? அவர் அனுப்பிய கடிதம் பிளாட்டிடம் போய்விட்டது என்றால், ரூஸ்வெல்ட் காகிதங்களில் இருப்பது எது? இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

செவ்வாய்ப்பேட்டை

பார்க்கலாம், காசும் கிடையாது. வாஷிங்டன் காங்கிரஸ் நூலகம் ரூஸ்வெல்ட் காகிதங்களை முழுக்க இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஏறத்தாழ 2,76,000 ஆவணங்கள். பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான், தேதி வழியாகப் போங்கள். வந்த கடிதங்கள் முதல் வரிசையில், தேதி வாரியாக. அனுப்பியவற்றின் நகல்கள் இரண்டாம் வரிசையில். யார், எந்தத் தேதி, எந்த வரிசை என்று சொல்லும் 3 தொகுதி அட்டவணையும் உண்டு. முதலில் அதில் 'பிளாட்' பகுதியைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு படங்களுக்குப் போனால் பாதி வேலை மிச்சம்.

அனுப்பிய கடிதத்தின் நகல் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். மெல்லிய தாள்களைக் கட்டிய தடித்த புத்தகம் ஒன்று அலுவலகத்தில் இருக்கும். நகலெடுக்கும் மையால் எழுதிய அல்லது தட்டச்சிட்ட கடிதத்தை அதில் வைத்து, தாளை ஈரமாக்கி, இரும்பு அழுத்தியில் இறுக்குவார்கள். மை தாளின் ஒரு பக்கத்தில் திருப்பிப் பதியும், மறுபக்கத்திலிருந்து ஊடுருவிப் படிக்க வேண்டும். ஈரம் கூடினால் எழுத்து கசியும், குறைந்தால் மங்கிப்போகும். ஒரே நாளில் ஒரு பக்கம் தெளிவாகவும் அடுத்தது புகை மாதிரியும் இருப்பது இதனால்தான்.

மங்கிய பக்கத்துக்கு வண்ணத்தைப் பிரித்துப் பார்க்கும் உத்தி இங்கே செல்லாது. படங்கள் மைக்ரோஃபிலிமிலிருந்து (ஆவணங்களைச் சிறிதாக்கிப் பிடித்த படச்சுருள்) எடுத்த கறுப்பு-வெள்ளை. பெரிய கோப்பையே இறக்கி, இடைநிலைச் சாம்பல் நிறத்தை மட்டும் கருமையாக்குங்கள். மொத்தமாக கான்ட்ராஸ்ட் ஏற்றினால் பின்தாளின் எழுத்தும் சேர்ந்து எழும்பிவிடும்.

இன்னொன்று முக்கியம். ரூஸ்வெல்ட் தட்டச்சான கடிதத்தில் கையால் சொற்களைச் செருகுவார். அழுத்தி நகலெடுத்த பிறகு செருகியது நகலில் இருக்காது. ஆகவே இது அவர் அலுவலகம் வைத்துக்கொண்டது, அனுப்பியது அல்ல. பெற்றவரின் காகிதங்களில் மூலம் கிடைத்தால் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

ஏற்காட்டுக்காரர்

நம்பிக்கை பற்றிய கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு பின்னணி. 1913-ல் 17-வது திருத்தம் வரும்வரை செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். ஆகவே பிளாட்டின் பதவியே மாநிலத் தலைநகர் ஆல்பனியில் கூடும் சட்டமன்ற உறுப்பினர்கள் கையில். கவர்னர் செய்யும் ஒவ்வொரு நியமனமும் அவருக்கு வாழ்வா சாவா. இதை மறந்தால், ஒரு செனட்டர் இன்சூரன்ஸ் கண்காணிப்பாளர் பதவிக்காக ஏன் இத்தனை கடிதம் எழுதுகிறார் என்பதே புரியாது.

1899 மே 6 கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிராம், கேஸ் கம்பெனிகளின் உரிமங்களுக்கு வரி போடும் ஃபோர்டு மசோதாவை ரூஸ்வெல்ட் தள்ளிக்கொண்டு போனது பிளாட்டுக்குப் பொறுக்கவில்லை. முதலாளி-தொழிலாளி உறவு, டிரஸ்டுகள் (சந்தையைக் கைக்குள் வைத்த பெரும் கம்பெனிக் கூட்டுகள்) ஆகிய விஷயங்களில் நீங்கள் கொஞ்சம் தளர்வானவர் என்று முன்பே கேள்விப்பட்டேன் என்று எழுதுகிறார். மே 8 பதிலில், கும்பல் ஆட்சியை எதிர்ப்பது போலவே கம்பெனிகளின் தகாத செல்வாக்கையும் நம் கட்சி எதிர்க்க வேண்டும் என்கிறார் ரூஸ்வெல்ட். சிறப்புக் கூட்டம் கூட்டி, திருத்தி, அதே மாதம் சட்டமாக்கிவிட்டார். இரண்டுமே பார்த்துப் பார்த்து எழுதிய கடிதங்கள், பின்னாளில் மூன்றாமவர் படித்தாலும் நிற்கும்படி.

அதனால்தான் ஒரு கடிதத்தைத் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதே வாரம் வேறு யாருக்கு என்ன எழுதினார் என்று பாருங்கள். 1900 பிப்ரவரி 1-ல் பிளாட்டுக்கு: துணை ஜனாதிபதி பதவியைவிட வரலாற்றுப் பேராசிரியர் வேலைகூட மேல். காரணமாகச் சொல்வது தன் இயல்பு, வேலையில் பிடிப்பு. பிப்ரவரி 3-ல் நண்பர் ஹென்றி கேபட் லாட்ஜுக்கு: பிளாட் என்னை அங்கே தள்ளப் பார்ப்பதற்கு, அவரோடு நெருங்கிய பெரும்பணக்காரர்களும் கம்பெனிகளும் என்னை மாநிலத்திலிருந்து அகற்ற விரும்புவதே ஒரு காரணம். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முகம். இரண்டுமே உண்மை, யாரிடம் பேசுகிறார் என்பதுதான் வேறுபாடு.

லாட்ஜ் கடிதங்களுக்கு 1925-ல் அச்சான தேர்வை மட்டும் நம்பாதீர்கள், அதில் வெட்டு உண்டு. நகல் புத்தகத்தோடு சரிபார்க்கவும்.

கடிதமே இல்லாத வாரங்களையும் கவனியுங்கள். நியூயார்க் நகரத்தில் இருவரும் காலைச் சாப்பாட்டின்போது சந்திப்பார்கள். பேசித் தீர்த்தது தாளில் ஏறாது. கடிதம் குறைந்தால் உறவு முறிந்தது என்று எழுதிவிடுவது ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் தவறு.

அஸ்தம்பட்டி வாசகர்

மிக்க நன்றி சார். மென்மையாகப் பேசு, கையில் பெரிய தடி வைத்துக்கொள் என்ற வாசகமும் இந்தக் காலத்துக் கடிதத்தில்தான் முதலில் வருகிறதா? யாரும் பார்க்காமல் இருந்த கடிதங்கள் வெளியே வந்து அரசியலைப் புரட்டிய வழக்கு ஏதாவது சொல்ல முடியுமா?

ஏற்காட்டுக்காரர்

ஆமாம். 1900 ஜனவரி 26, ஹென்றி ஸ்பிரேக் என்பவருக்கு எழுதியது. வெளிநாட்டுக் கொள்கை பற்றியது அல்ல, முழுக்க மாநிலச் சண்டை. இன்சூரன்ஸ் கண்காணிப்பாளர் லூ பெய்ன் 7,000 டாலர் சம்பளக்காரர், ஒரு டிரஸ்ட் கம்பெனியிடம் 4 லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கியிருந்தார். மாநில செனட் புதியவரை ஏற்கும்வரை பழையவரே நீடிப்பார் என்பது சட்டம், செனட்டோ பிளாட் பக்கம். பெய்னை மாற்ற நினைத்த ரூஸ்வெல்ட், பிளாட்டின் ஆட்களிலேயே நேர்மையான பிரான்சிஸ் ஹெண்ட்ரிக்ஸை நிறுத்தி, பிளாட் மறுக்க வழியில்லாமல் அடைத்தார். மேடையில் அந்த வாசகத்தைச் சொன்னது 1901 செப்டம்பரில், மின்னசோட்டாவில்.

சூரமங்கலம்

கடிதம் வெளியே வந்த வழக்கு இரண்டு சொல்லலாம்.

1908 செப்டம்பர் 17. ஸ்டாண்டர்டு ஆயில் எண்ணெய்க் கம்பெனியின் அலுவலகத்திலிருந்து திருடி விற்கப்பட்ட கடிதங்களை ஒஹாயோவின் கொலம்பஸில் மேடையேறி வாசித்தார் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட். கம்பெனியின் ஆர்ச்பால்டு, ஒஹாயோ செனட்டர் ஃபோரேக்கருக்கு எழுதியவை. அவற்றில் வந்த 50,000 டாலர், ஒரு பத்திரிகை வாங்கக் கொடுத்த கடன், திருப்பிவிட்டேன் என்றார் ஃபோரேக்கர். அரசியல் வாழ்வு அதோடு முடிந்தது. திருட்டுக் கடிதம் எப்போதும் திருடியவரின் தேர்வு. எடுக்காமல் விட்ட தாளில் என்ன இருந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

உங்கள் பொருளுக்கு நேரடியாக உதவுவது 1915 சிரக்யூஸ் வழக்கு. நியூயார்க் ரிபப்ளிகன் கட்சித் தலைவர் வில்லியம் பார்ன்ஸ், தன்னை ஊழல் 'பாஸ்' (கட்சியைக் கைக்குள் வைத்திருப்பவர்) என்று சாடியதற்காக ரூஸ்வெல்ட் மீது அவதூறு வழக்குப் போட்டார். பார்ன்ஸ் தரப்பு வக்கீல் ஐவின்ஸ், இதே பிளாட் கடிதங்களை நீதிமன்றத்தில் வாசித்து, நீரும் பிளாட் என்ற பாஸோடு கூடிக் குலாவியவர்தானே என்று ரூஸ்வெல்ட்டைக் கூண்டில் நிறுத்திப் பல நாள் துருவினார். மே 22-ல் தீர்ப்பு ரூஸ்வெல்ட் பக்கம். சுயசரிதையில் அவர் விட்டவை எவை என்று அறிய விசாரணைப் பதிவுதான் நல்ல இடம், ஏனென்றால் அங்கே தேர்ந்தெடுத்தவர் எதிராளி.

கூட்டத்தில் பிரதி கொடுக்கத் தயங்க வேண்டாம். பிளாட் 1910-லும் ரூஸ்வெல்ட் 1919-லும் இறந்தவர்கள், பதிப்புரிமை முடிந்துவிட்டது. தாளில் தேதி, வரிசை எண், பட எண் மூன்றையும் குறித்துவிடுங்கள். பட எண் இல்லாவிட்டால் அடுத்தவர் அந்தப் பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது பெரும் பாடு.