டீஇன்டர்லேஸ் செய்தால் 25 ஃபிரேமா, 50 ஃபிரேமா?

பழைய_நாடா:
நாடாக்களிலிருந்து எடுத்த வீடியோவை எப்படிச் சேமிப்பது என்று கேட்ட புதியவருக்கு, "டீஇன்டர்லேஸ் செய்து நொடிக்கு 25 ஃபிரேமாக வையுங்கள், தொலைக்காட்சியிலும் கணினியிலும் ஒன்றுபோலத் தெரியும், இழப்பு ஏதுமில்லை" என்று நண்பர் ஒளிக்கீற்று நேற்றுத் தீர்ப்பு எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பால் (PAL) என்னும் பழைய தொலைக்காட்சி முறைக் கேமரா நொடிக்கு 50 ஃபீல்டுகளை, அதாவது ஒன்றுவிட்டு ஒரு கோடு மட்டும் கொண்ட அரைப்படங்களைப் பதிவு செய்கிறது; இதுதான் இன்டர்லேஸ். அவற்றை முழுப் படங்களாக்குவது டீஇன்டர்லேஸ். ஒவ்வொரு ஃபீல்டும் முந்தையதற்கு ஐம்பதில் ஒரு பங்கு நொடி பிந்திய தனிக் கணம். அதை 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடுகிறது. இன்டர்லேஸ் கோப்பை அப்படியே வைத்திருங்கள். டீஇன்டர்லேஸ் செய்யும் வேலையைத் தொலைக்காட்சியே பார்த்துக்கொள்ளும்.

ஒளிக்கீற்று:
அசைவில் பாதி போய்விடும் என்று முழங்குகிறவர், அந்த ஒவ்வொரு ஃபீல்டிலும் 576 கோடுகளுக்குப் பதில் 288 கோடுகளே இருப்பதை ஏன் சொல்லாமல் விட்டார்? இரண்டு ஃபீல்டு சேர்ந்தால்தான் ஒரு முழுப் படம், ஆகவே 25தான். அவர் புகழும் கோப்பைக் கணினித் திரையில் ஓட்டினால், ஓடுகிற குழந்தையின் கைவிளிம்பு சீப்புப் பல்லாகக் கிழிந்து நிற்கும். அதைத்தான் அவர் தரம் என்கிறாரா?

பழைய_நாடா:
சீப்புப் பல் தெரிவதற்குக் காரணம் கோப்பு அல்ல, வீடியோ ஓட்டும் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் அமைப்பை அணைத்து வைத்திருக்கும் தங்கள் கைதான். விஎல்சி மென்பொருளின் வீடியோ பட்டியலில் அது கண்ணெதிரே இருக்கிறது; 'யாடிஃப் 2எக்ஸ்' என்ற டீஇன்டர்லேஸ் வடிகட்டியைத் தேர்ந்தால் ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் வீதம் 50 ஃபிரேம் கிடைக்கும். கணினிக்கென்று தனிக்கோப்பு வேண்டுமென்றால் வீடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் கருவியிலும் அதே யாடிஃப் இருக்கிறது. ஆனால் எதையும் குறிப்பிடாமல் விட்டால் அது 25ஐயே தரும். தாங்கள் விட்டுவிட்டீர்கள், 25 வந்தது, அதையே இலக்கணம் என்று ஊருக்கு உபதேசிக்கிறீர்கள்.

தொகுப்பறை:
இருவரும் ஃபீல்டு வரிசையைத் தொடவே இல்லை. டிஜிட்டல் கேமராவின் டிவி (DV) வகை நாடாவில் கீழ் ஃபீல்டு முதலில் வரும்; 1080ஐ (1080i) என்னும் இன்டர்லேஸ் எச்டி ஒளிபரப்பில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில் வரும். இதை மாற்றிக் கொடுத்து 50 ஃபிரேம் எடுத்தால், நடப்பவர் ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாகத் துள்ளுவார். டீஇன்டர்லேஸ் செய்யாமலேயே படத்தின் உயரத்தைச் சுருக்கினால், இரண்டு ஃபீல்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்; பிறகு எந்தத் தொலைக்காட்சியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. இன்னொன்று, பால் ஒளிபரப்பில் வரும் திரைப்படங்களில் இரண்டு ஃபீல்டும் பொதுவாக ஒரே கணத்தைச் சேர்ந்தவை. அங்கே அவற்றைக் கோத்தாலே போதும், 25 சரியானதே.

ஒளிக்கீற்று:
25 சரி என்று விவரம் அறிந்தவரே சொல்லிவிட்டார். பழைய நாடா அவர்கள் இனியாவது ஓய்வெடுக்கலாம்.

பழைய_நாடா:
ஒரு வாக்கியத்தின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு வெற்றி விழா நடத்துவது தங்களுக்குப் புதிதல்ல. பிட்ரேட் பற்றிய விவாதத்திலும் இதையே செய்தீர்கள், நான் மறக்கவில்லை. தொகுப்பறை அவர் சொன்னது திரைப்படத்தைப் பற்றி. கேள்வி கேட்டவரிடம் இருப்பது கேமராவில் எடுத்த நாடா. ஒரு ஃபீல்டில் பந்து இங்கே, அடுத்ததில் சற்றுத் தள்ளி. இரண்டையும் ஒன்றாகக் கோத்தால் பல் முளைக்கும், ஒன்றை எறிந்தால் அசைவு வெட்டி வெட்டி ஓடும், இரண்டையும் குழைத்தால் ஒரே பந்து இரண்டு ஆவியாகத் தெரியும். அந்த மூன்றில் எதை "இழப்பில்லை" என்கிறீர்கள் என்று சொல்லுங்கள். 50, ஐயா, 50.

வழிப்போக்கன்:
2012இல் வந்த யுஎச்டி (4கே, 8கே) தொலைக்காட்சிப் பரிந்துரையான பிடி.2020 இன்டர்லேஸுக்கு இடமே தரவில்லை. செத்த முறைக்கு இவ்வளவு சண்டையா?

பழைய_நாடா:
புதிய தரநிலை வந்ததால் பழைய நாடாவில் இருக்கும் ஃபீல்டுகள் ஃபிரேமாக மாறிவிடுமா? அலமாரியில் இருப்பது இன்டர்லேஸ்தான். அதனால்தான் மூலக்கோப்பை அழிக்காதீர்கள் என்கிறேன். நாளை இன்னும் நல்ல வடிகட்டி வந்தால் மீண்டும் செய்துகொள்ளலாம். 25 ஆக்கிவிட்டு மூலத்தை அழித்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

வழிப்போக்கன்:
கேட்டது ஒரு வரி, கிடைத்தது பேருரை. ஒவ்வொரு இழையையும் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் எப்போது போகும்?

பழைய_நாடா:
சுருக்கமாக எழுதினால் வாலைப் பிடிக்கிறார்கள், விரிவாக எழுதினால் பேருரை என்கிறார்கள். விடையோடு வாருங்கள், பேசுவோம்.

ஒளிக்கீற்று:
50 என்பது 288 கோட்டை இழுத்து நிரப்பிய 50தான். பாதிக் கோடுகளை ஊகித்து நிரப்புகிறவர் இழப்பைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. நான் 25இலேயே இருக்கிறேன்.

பழைய_நாடா:
யாடிஃப் முன்பின் ஃபீல்டுகளையும் பார்த்துத்தான் நிரப்புகிறது; அசையாத இடத்தில் கோடு குறைவதில்லை. ஒரே நாடாத்துண்டை இரு வகையிலும் மாற்றி, கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சியை ஓட்டிவிட்டு வாருங்கள் என்று முன்பும் கேட்டேன், இன்னும் வரவில்லை.

ஒளிக்கீற்று:
எனக்கு வேறு வேலை இருக்கிறது.