புதுப்பிப்பு: சீசரைக் கொன்றவர் அடித்த காசு

கி.மு. 44-இல், ரோமை ஆண்ட ஜூலியஸ் சீசர் உயிரோடு இருக்கும்போதே ரோம வெள்ளிக் காசில் அவர் முகம் வந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "அவரைக் கொன்றவர்கள் காசில் என்ன போட்டார்கள்?" என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி, அதற்குத்தான் இந்தத் தொடர்ச்சி.

கி.மு. 42-இல், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், தன் படைக்குச் சம்பளம் கொடுக்க தினாரியஸ் என்னும் ரோம வெள்ளிக் காசுகளை அடித்தார். ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் ஒரு தொப்பி. விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி அது. கீழே, சீசர் விழுந்த மார்ச் 15-ஐக் குறிக்கும் லத்தீன் எழுத்துகள். வாள்களின் பிடிகள் ஒன்றுபோல் இருக்காது. அதனால் ஒன்று புரூட்டஸுடையது, மற்றது கொலையில் அவருடைய கூட்டாளியான காசியஸுடையது என்று பலர் கருதுகிறார்கள். ஒரு கொலையை விடுதலையாகக் காட்ட இவ்வளவு சின்ன இடம் போதுமாக இருந்திருக்கிறது!

சரி, முன்பக்கம்? புரூட்டஸின் சொந்த முகம். சீசர் மன்னராக முயல்கிறார் என்று வாளெடுத்தவர், சீசர் வழியிலேயே போயிருக்கிறார். இந்தக் காசில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, காசியஸ் டியோ என்ற ரோம வரலாற்றாசிரியரும் தன் வரலாற்றில் இந்தக் காசை விவரிக்கிறார். அப்புறம், காசு அடித்த அதே கி.மு. 42-இல், சீசரின் ஆதரவாளர்களுடன் நடந்த பிலிப்பிப் போரில் தோற்று புரூட்டஸ் தற்கொலை செய்துகொண்டதால், இது அதிக காலம் அடிக்கப்படவில்லை.