நீளமான இங்கிலீஷ் வார்த்தையை அசை பிரிப்பது எப்படி? யாராவது சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில், சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று 'ரெஸ்பான்ஸிபிலிட்டி'யில் மாட்டிக்கொண்டோம்.

உயிரொலிகளை எண்ணி ஆறு அசை என்று கண்டுபிடித்துவிட்டார்கள்: ரி, ஸ்பான், ஸ, பி, லி, டி. அழுத்தம் நாலாவதில். 'இட்டி' என்று முடிகிற வார்த்தைகளில் கடைசியிலிருந்து மூன்றாவது அசைதான் அழுத்தம் வாங்கும். எலக்ட்ரிசிட்டி, யுனிவர்சிட்டி எல்லாம் அப்படித்தான். இதுவரை சரி.

என் குழப்பம் இரண்டு. நடுவில் வரும் 'ஸ்' முதல் அசையோடு சேருமா, இரண்டாவதோடா? அப்புறம், 'ஸ்பான்' மீது இன்னொரு சின்ன அழுத்தம் விழுகிறதே, அந்த மாதிரி இரண்டாம் அழுத்தம் எங்கே விழும் என்பதற்கு விதி உண்டா?

இலக்கணம் படித்த பிள்ளை ஒருத்தி, "மலர் ஒரே நிரையசைதானே அக்கா, இங்கிலீஷ் கணக்கில் மட்டும் ஏன் இரண்டு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நம் யாப்பு அசையும் இங்கிலீஷ் சிலபிளும் ஒன்றல்ல என்று மட்டும்தான் சொன்னேன்.

நாம் தமிழில் எங்கே அழுத்தினாலும் அர்த்தம் மாறாது. இங்கிலீஷில் 'ரெக்கார்ட்' முதலில் அழுத்தினால் பெயர்ச்சொல், பின்னால் அழுத்தினால் வினைச்சொல். பிள்ளைகள் காதுக்கு இந்த வித்தியாசமே பிடிபடவில்லை. கைதட்டிப் பார்த்தோம், எல்லா அசைக்கும் ஒரே பலத்தில் தட்டுகிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருப்பவர்கள், எந்தப் பயிற்சி பலித்தது என்று எழுதுங்கள். திங்கட்கிழமை அவர்களுக்குப் பரீட்சை.